மகிழ மரத்துக்கான மனு

ராஸ்தா பேட்டை, பூனா-2
14 ஏப்ரல் 1959

பீர் முகமது பாய் அவர்களுக்குப் பட்டாபிராமன் நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறவை:

1. நம் முற்றத்து மகிழ மரத்துக்கு நேர்ந்தது.
2. மரத்தின் அப்போதைய நிலை.
3. நான் எடுத்துக்கொண்ட முயற்சி.
4. உங்கள் இரண்டு அறைகள்.

எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் வரைவு எழுதிய பழக்கம். பெருநாளுக்கு முன்னால் இந்தச் செய்தி உங்களை வந்து சேரக்கூடாது என்று காத்திருந்தேன். அது சரியா தவறா என்று இப்போதும் நிச்சயமில்லை.

1. மரம் இல்லை. மார்ச் மாதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, வெட்டிவிட்டார்கள். நம் வீட்டுக்காரர் நானாஸாஹேப் ஒரு பழைய லாரி வாங்கியிருக்கிறார். அதை நிறுத்த முற்றத்தில் கொட்டகை போடப்போகிறாராம். உங்கள் வாசலுக்கு எதிரே இப்போது ஒரு முழ உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நிற்கிறது.

2. மரம் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது என்று சொல்ல முடியாது. கிணற்றுப் பக்கம் அடிமரத்தில் ஒரு பொந்து விழுந்திருந்தது. வேர் கிணற்றுச் சுவரைத் தள்ளுகிறது என்று நானாஸாஹேப் சொன்னார். இந்த வருஷம் பூக்கவும் இல்லை. ஆகவே அதன் ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கருத இடமுண்டு.

3. வெட்டுவதற்கு முன் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் தரலாம் என்று நானாஸாஹேப் குழாயடியில் ஒரு காகிதம் ஒட்டினார். நான் விரிவான மனு ஒன்று தயாரித்தேன். அது பயன்படவில்லை.

4. உங்கள் அறைகள் பூட்டியபடி இருக்கின்றன. சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமைதோறும் திறந்து காற்றுப்படவிட்டு மூடுகிறேன். பத்து நாளில் வருகிறேன் என்று ஜனவரியில் மகள் வீட்டுக்குப் போனீர்கள். அங்கே வழுக்கி விழுந்து கால் முறிந்து இப்போது மூன்று மாதமாகிறது. எலும்பு கூடியதும் புறப்பட்டு வர வேண்டுகிறேன்.

அந்த மரத்தை உங்கள் மனைவி ஹாஜிரா அம்மாள் நட்டது எனக்குத் தெரியும். அதற்கு எண் எதுவும் போட வரவில்லை.

இப்படிக்கு,
பட்டாபிராமன்


786

மேலப்பாளையம்
21 ஏப்ரல் 1959

அண்ணாச்சி அவர்களுக்குப் பீர் முகமது ஸலாம்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுதுவிட்டுப் பிரித்தேன். முதல் எண்ணைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மற்ற மூன்றையும் மறுநாள்தான் படித்தேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பால்காரன் ஒரு நாள் வராவிட்டால்கூட அவனுக்கு எழுத்தில் கொடுக்கிற ஆள் நீங்கள். நீங்கள் ஒரு மனு எழுதினால் அதில் ஓட்டை இருக்காது. அதையும் மீறி நானாஸாஹேப் வெட்டினான் என்றால் அவன் கல் நெஞ்சுக்காரன்தான். இருபது வருஷமாக நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தேன். பெருநாளைக்கு ஆளனுப்பி நம் வீட்டு சேமியா வாங்கிச் சாப்பிட்டவன்.

பூக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியமாக இருக்கிறது. போன வருஷம் காலையில் கதவைத் திறந்தால் தரை தெரியாமல் கொட்டிக் கிடந்தது. நீங்கள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து போவீர்கள்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். கடையை விற்று இரண்டு வருஷமாகிறது. அந்த ஊரில் எனக்கு வேலை இல்லை, வரும்படி இல்லை. ஹாஜிரா இங்கே பேறுகாலத்துக்கு மகளைப் பார்க்க வந்த இடத்தில் மௌத்தானவள். அவள் கபுர் இங்கே, அவள் வைத்த மரம் அங்கே. இந்த நாலு வருஷமாக மகள் சஃபியா என்னை இங்கேயே இருக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறாள். நான் அவளிடம் சொல்கிற பதில் ஒன்றுதான்: அங்கே மரம் இருக்கிறது, சாயங்காலம் அதனடியில் உட்கார்ந்து சண்டை போட பட்டாபிராமன் அண்ணாச்சி இருக்கிறார். உங்கள் கடிதத்தை அவளும் படித்துவிட்டாள்.

"வாப்பா, இன்னும் அந்த ஊர்ல என்ன இருக்கு ஒங்களுக்கு? பாதி போச்சுல்லா" என்று கேட்டாள்.

"மீதிப் பாதி இருக்காருளா" என்றேன்.

ஜூன் முடிவதற்குள் அறைகளை வைத்துக்கொள்கிறேனா விடுகிறேனா என்று சொல்லச் சொல்லி நானாஸாஹேப் எனக்கும் எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் கொண்டு இந்தியில் எழுதியிருக்கிறார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் உங்களிடம் மூன்று கேட்கிறேன். எந்த நேரத்தில் வெட்டினார்கள்? கட்டையை என்ன செய்தார்கள்? ஆட்சேபம் கேட்டபோது நம் வாடாவில் குடியிருக்கிறவர்களில் யார் யார் என்ன சொன்னார்கள்? இதைத் தெரிந்துகொண்டால் எனக்கு ஒரு முடிவு வரும் என்று நினைக்கிறேன்.

பீர் முகமது


ராஸ்தா பேட்டை, பூனா-2
29 ஏப்ரல் 1959

அன்புள்ள பாய்,

மீதிப் பாதி என்று நீங்கள் சொன்னதைப் பல முறை படித்தேன். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்பதை நான் தீர்மானிக்க முடியாது.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்.

நேரம்: காலை எட்டேகாலுக்கு நான்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் கயிறு கட்டி மேல் கிளைகளை இறக்கினார்கள். பதினோரு மணிக்கு அடிமரத்தில் ரம்பம் வைத்தார்கள். ரம்பம் இரண்டு முறை சிக்கி நின்றது. பன்னிரண்டு நாற்பதுக்கு மரம் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. உங்கள் வாசல் ஓடுகளில் மூன்று உடைந்தன, மாற்றிவிட்டார்கள்.

கட்டை: அடிமரத்தை ஒரு தச்சர் எடுத்துப் போனார். உறுதியான சாதி, வண்டி அச்சுக்கு ஆகும் என்று சொன்னார்களாம். கிளைகள் விறகுக் கடைக்குப் போயின.

ஆட்சேபம்: குடித்தனக்காரர்கள் யாரும் ஆட்சேபம் கொடுக்கவில்லை.

இவை தவிர ஒரு யோசனை. எம்ப்ரஸ் தோட்டத்து நாற்றுப் பண்ணைக்கு நேற்றுப் போய்வந்தேன். மகிழங்கன்றுகள் இருக்கின்றன. மராத்தியில் பகுள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஏழு அடி இடம் மிஞ்சும். அங்கே ஒன்று வைக்கலாம். நிழல் தரப் பத்து வருஷமாவது ஆகும் என்று தோட்டக்காரர் சொன்னார். எனக்கு அறுபத்தொன்பது வயது, உங்களுக்கு அறுபத்து நான்கு. கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை என்பதை உணர்கிறேன். ஆனாலும் நீங்கள் சம்மதித்தால் வாங்கிவந்து வைக்கிறேன்.

என் மனைவி ருக்மிணி போன பிறகு நான் ஒரு நாளில் தமிழ் பேசுவது சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை உங்களோடு மட்டும்தான். கீழே தையல்மிஷின் வைத்திருக்கிற அந்தோணி இருக்கிறான். ஆனால் அவனுக்கு கிர்க்கி தொழிற்சாலையில் ஷிப்ட், வீட்டுக்கு வந்தால் தையல். இப்போது ஐந்து மணிக்கு நான் நாற்காலியை இறக்குவதில்லை. கட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஜனவரியிலிருந்தே நாம் ஒரு விவாதத்தைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறோம், திருநெல்வேலியில் மழை அதிகமா தஞ்சாவூரிலா என்று. புள்ளிவிவரம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கட்சி தோற்கும்.

தயவுசெய்து அறைகளை விட வேண்டாம்.

பட்டாபிராமன்


786

மேலப்பாளையம்
11 மே 1959

பட்டாபிராமன் அவர்களுக்கு,

நேற்று முன்தினம் அந்தோணி வந்திருந்தான். பாளையங்கோட்டையில் அவன் தங்கை பிள்ளைக்குச் சர்ச்சில் புதுநன்மை என்று லீவில் வந்தவன், கேள்விப்பட்டு என்னைப் பார்க்கப் பஸ் ஏறி வந்தான். பாதி பிஸ்கட்டை அவன் தின்பதற்குள் நான் மரத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஐயரு எல்லாரையும் குழாயடில கூப்ட்டு வச்சு சொன்னாரு பாய். ஆளாளுக்கு ஒரு தாள் குடுத்தா பலமிருக்காது, எல்லார் பேர்லயும் சேத்து நானே ஒண்ணு எழுதுதேன், நீங்க யாரும் தனியா குடுக்காதீங்கன்னாரு. நான் எழுதி வச்சிருந்தேன், நாலு வரி, இந்தியில. கிழிச்சுப் போட்டுட்டேன். படிச்சவரு பாத்துக்கிடுவாருன்னு இருந்துட்டோம்."

"குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"அத எப்படி பாய் அவர்ட்ட போயி கேக்க? மரந்தான் போயிட்டுல்லா."

பிறகு அவனே சொன்னான், பக்கத்து அறையில் இருக்கிற அச்சாபீஸ் கம்பாஸிட்டர் வீட்டம்மாள் ஒருநாள் நானாஸாஹேப் வீட்டில் மாவரைக்கப் போனபோது, உங்கள் வாடாவில் ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லையே என்று அவர் சொன்னாராம்.

உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். மனு தயாரித்தேன், பயன்படவில்லை என்று இருக்கிறது. கொடுத்தேன் என்று எங்கேயும் இல்லை. இரண்டாவது கடிதத்தில் குடித்தனக்காரர்கள் யாரும் ஆட்சேபம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னது யார்? நானாஸாஹேபைக் கல் நெஞ்சுக்காரன் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டும் நீங்கள் சும்மா இருந்தீர்களே. ரம்பம் எத்தனை முறை சிக்கியது என்று எழுதத் தெரிந்தது.

மனு கொடுத்தீர்களா, இல்லையா? எண் போட வேண்டாம். கன்று வாங்கவும் வேண்டாம்.

பீர் முகமது


ராஸ்தா பேட்டை, பூனா-2
20 மே 1959

பாய்,

கொடுக்கவில்லை.

இந்த ஒரு சொல்லை எழுத ஐந்து நாள் ஆயிற்று. மற்றதைச் சொல்ல அனுமதி கொடுங்கள். சமாதானமாக இதைச் சொல்லவில்லை. அந்தோணிக்குத் தெரியாத பகுதி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காகிதம் ஒட்டியது மார்ச் ஒன்பதாம் தேதி. அன்றைக்கே குழாயடியில் அந்தோணி சொன்னபடிதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆபீஸில் அது எங்கள் வழக்கம். பத்துப் பேர் பத்துக் கடிதம் எழுதினால் மேலே உள்ளவர் ஒன்றையும் படிக்க மாட்டார். தொகுத்து ஒன்றாக, ஆதாரத்தோடு போனால் ஒதுக்க முடியாது. இதை நான் மனதார நம்பினேன்.

பத்தாம் தேதி முதல் வரைவு எழுதினேன். நான்கு வாக்கியம். இந்த மரத்தை ஹாஜிரா அம்மாள் நட்டார், அவர் கணவர் கால் முறிந்து ஊரில் இருக்கிறார், அவர் வந்து பார்க்கும்வரை வெட்ட வேண்டாம், இப்படிக்கு வாடாவில் குடியிருக்கும் அனைவரும். அதை அன்றே கீழே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். எனக்கு அது போதாது என்று பட்டது. இரண்டாம் வரைவில் மரத்தின் சுற்றளவைச் சேர்த்தேன், மூன்றடி நாலங்குலம். பிறகு நூலகத்துக்குப் போய் அதன் சாஸ்திரப் பெயரைச் சரிபார்த்தேன், ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தது. நிழலிலும் வெயிலிலும் உஷ்ணமானி வைத்து மூன்று நாள் மத்தியானம் குறித்தேன். ஏழு டிகிரி வித்தியாசம். வேர் கிணற்றுச் சுவரைத் தள்ளவில்லை என்பதற்கு ஒரு படம் வரைந்தேன். ஆறாவது வரைவில், மனைவி நட்டது என்பது தனிப்பட்ட விஷயம், ஆட்சேபத்துக்கு வலு சேர்க்காது என்று அதை எடுத்துவிட்டேன். ஒன்பதாவது நகல் நான்கு பக்கம். அதில் ஹாஜிரா அம்மாளின் பெயர் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. இதை நான் இப்போது எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

கடைசி நாள் இருபத்து நான்காம் தேதி, ஹோலி. காலையில் மனுவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். நானாஸாஹேப் கீழ்ப்படியில் நின்றார். கன்னத்தில் குலால் பொடி பூசியிருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார். கையில் தட்டு, அதில் இரண்டு பூரண் போளி, எனக்காகவே கொண்டுவந்தது. தட்டை என் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, தோளைத் தட்டி மராத்தியில் கேட்டார்:

"காய் பட்டாபிராமன், காஹீ ஹர்கத் நாஹீ நா?"

ஆட்சேபம் ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். நெஞ்சுக்கு நேரே, போளித் தட்டுக்கு மேலே, மனு பையில் இருந்தது. தட்டைக் கீழே வைத்தால் எடுத்திருக்கலாம். நான் "நாஹீ" என்று சொன்னேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் அதை எல்லார் சார்பிலும் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டார். குழாயடியில் நான் எல்லார் சார்பிலும்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அவருக்கும் அது தெரியும். ஆகவே அவர்மேல் தவறில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று நீங்கள் எழுதியதை நான் மறுத்து எழுதியிருக்க வேண்டும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கிறேன். முப்பத்தொரு வருஷம் நான் எழுதினேன், வேறொருவர் கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதற்காக யாரும் என்னை முகத்துக்கு நேரே கேட்டதில்லை. சிரித்த முகத்தோடு ஒருவர் கேட்கும்போது மறுத்துச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. எழுத்தில் என்றால் யாரையும் எதிர்ப்பேன். இது குணமா கோழைத்தனமா என்று கேட்டால், இரண்டாவதுதான்.

இருபத்தாறாம் தேதி காலை நான் மேலேதான் இருந்தேன். முதல் கிளை விழுந்ததும் சன்னலை மூடினேன். நேரங்களை எல்லாம் சத்தத்தை வைத்துக் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். ஏன் குறித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று முழுவதும் கீழே போகவில்லை.

இதில் ஒன்றையும் விடவில்லை. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது நியாயமாகவே இருக்கும். ஆனால் அறைகளை வைத்துக்கொள்வீர்கள் என்றால், சாயங்காலங்களில் என்னோடு பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் கீழே இருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே போதும்.

பட்டாபிராமன்


786

மேலப்பாளையம்
1 ஜூன் 1959

அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகப்போகிறது. சஃபியாவிடம் காட்டவில்லை.

மன்னித்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தை வரவில்லை. பொய்யாக எழுதி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். அது என் கையில் இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஹாஜிராவை நான் பூனாவுக்குக் கூட்டிவந்தது முப்பத்தைந்தில். நீங்கள் மேல்மாடிக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால். பதினாறு வயது. வாடாவில் எல்லாம் மராத்திப் பெண்கள். இவளுக்கு ஒரு எழுத்துப் புரியாது. குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகுதான் தண்ணீர் பிடிக்கப் போவாள். நான் கடைக்குப் போனால் திரும்பி வரும்வரை பேச ஒரு ஆள் கிடையாது. அடுத்த வருஷம் ஊருக்கு வந்தவள் மகிழங்கொட்டை ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து பால்டின்னில் போட்டாள். முளைத்தது. முற்றத்தில் வைத்தாள். அதோடுதான் பேச்சு. நான் கேலி செய்வேன்.

"இது எப்போ பூத்து, எப்போ நீ பறிச்சு?"

"நான் பறிக்க மாட்டேன். அதுவா உழும்" என்பாள்.

ஏழு வருஷம் கழித்துப் பூத்தது. ஒரு காலையில் குழாயடிப் பெண்கள் நாலைந்து பேர் நம் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பகுள், பகுள் என்று தரையைக் காட்டுகிறார்கள். இவள் உள்ளே ஓடப் பார்த்தவள், நின்று, மகிழம்பூ என்றாள். அவர்கள் பகுள் என்கிறார்கள். இவளும் பகுள் என்று சொன்னாள். அவள் வாயில் வந்த முதல் மராத்தி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு தினமும் காலையில் எல்லாரும் அங்கே உட்கார்ந்து பொறுக்குவார்கள். ஊசி வேண்டாம், அந்தப் பூவுக்கு நடுவில் துளை இருக்கிறது, ஈர்க்கில் கோத்துவிடலாம் என்று இவள்தான் அவர்களுக்குக் காட்டினாள். இரண்டு வருஷத்தில் காய்கறிக்காரியோடு மராத்தியில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். நான் அன்றைக்குத்தான் நிம்மதியாகக் கடை திறந்தேன்.

காய்ந்தாலும் வாசனை போகாது என்று துணிப்பெட்டியில் போட்டு வைப்பாள். அவள் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் நான் புதுப்பூ எடுத்து மாற்றி வைப்பேன். இந்த வருஷம் மாற்றவில்லை.

உங்கள் முதல் வரைவு எனக்குப் புரிந்தது. நாலு வாக்கியம் போதும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அந்தோணியும் நாலு வரிதான் எழுதியிருக்கிறான். நான் அங்கே இருந்திருந்தால் எழுதவே மாட்டேன். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்களும் அப்படி உட்கார்ந்திருக்கலாம், தினமும் உட்கார்ந்த இடம்தானே. ரம்பக்காரர்கள் வயசாளி உட்கார்ந்திருக்கிற மரத்தை வெட்டியிருக்க மாட்டார்கள்.

சஃபியாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அறைகள் வேண்டாம். பெட்டியையும் கட்டிலையும் அந்தோணி லாரி சர்வீஸில் போட்டுவிடுவதாக எழுதியிருக்கிறான். சாவியை நானாஸாஹேபிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கீழே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி இருக்க முடியாது அண்ணாச்சி. நான் கீழே இருந்தால் நாம் பேச வேண்டும். பேசினால் மரத்தைப் பற்றித்தான் பேச்சு வரும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தோணிக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைமாம், விடியுமுன் போய் இருட்டித்தான் வருவானாம், கவனிக்கவில்லை என்கிறான். உங்கள் சன்னல் நேர் மேலே. வெட்டிய அன்று மரத்தில் பூ இருந்ததா?

பீர் முகமது


ராஸ்தா பேட்டை, பூனா-2
10 ஜூன் 1959

அன்புள்ள பாய்,

திங்கட்கிழமை அந்தோணியும் நானும் பெட்டியையும் கட்டிலையும் லாரி சர்வீஸில் ஏற்றினோம். பெட்டியை நான் திறக்கவில்லை. சுற்றிலும் சாக்கு வைத்துத் தைக்கச் சொன்னேன், அந்தோணியே தைத்தான்.

அவனிடமும், கம்பாஸிட்டர் வீட்டம்மாளிடமும், மற்ற இரண்டு குடித்தனக்காரர்களிடமும் மனு கொடுக்காததைச் சொன்னேன். குழாயடியிலேயே, எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். அந்தோணி குனிந்து தன் வாளியை நகர்த்தி வைத்தான். கம்பாஸிட்டர் வீட்டம்மாள் மட்டும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "தும்ஹீச் நா, ஆஜோபா?" என்றாள். நீங்கள்தானா அது, தாத்தா என்று. குரலில் கோபம்கூட இல்லை.

சாவியைக் கொடுக்கப் போனபோது நானாஸாஹேபிடமும் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது எனக்கு ஆட்சேபம் இருந்தது, இல்லை என்று சொன்னது பொய் என்றேன். அவருக்கு முதலில் எதைப் பற்றி என்றே புரியவில்லை. புரிந்ததும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அஹோ, மக் ஸாங்காய்சா நாஹீ கா?" என்றார். அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே என்று.

சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா என்று அவரைக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் தாங்குவேனா என்று சந்தேகமாக இருந்தது. கொட்டகைக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கட்டையைத் தோண்டி எடுக்க நாளை ஆள் வருகிறது. நான் நாளை கீழே போய் நிற்பேன். அதனால் எதுவும் மாறாது என்று தெரியும்.

ஹாஜிரா அம்மாளின் முதல் மராத்தி வார்த்தை இதுவரை எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் மேலே இருந்தேன். கீழே பெண்கள் பேசும் சத்தம் காலையில் வரும், சில நாள் அது படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சன்னலை மூடியிருக்கிறேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வரைவிலும் அது இல்லை.

உங்கள் கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வந்திருக்கிறேன் என்று தெரிகிறது. போன கடிதத்தில் ஒன்றையும் விடவில்லை என்று எழுதினேன், ஒன்றை விட்டிருந்தேன். முதல் கடிதத்தை எழுதியபோது உங்களுக்கு இழப்பைக் குறைவாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அல்லது எனக்கே குறைவாகக் காட்ட நினைத்தேன். பொந்து இருந்தது உண்மை, அது உங்கள் காலத்திலேயே இருந்தது, அதனால் மரத்துக்கு ஒன்றுமில்லை.

கிளைகள் விழுந்தபோது பூவும் சேர்ந்து விழுந்தது. ரம்பக்காரர்கள் அதன்மேல் நின்றுதான் வேலை செய்திருக்கிறார்கள். சன்னலை மூடிய பிறகும் வாசனை உள்ளே வந்தது. மறுநாள் காலை நான் இறங்கிப் போனபோது கட்டையைச் சுற்றி உங்கள் வாசல்வரை மிதிபட்டு வெள்ளையாகக் கிடந்தது. கம்பாஸிட்டர் வீட்டம்மாள் ஒரு முறம் நிறைய வாரிக்கொண்டு போனாள். வாசனை அடங்க எட்டு நாள் ஆயிற்று.

என் ஏப்ரல் பதினான்காம் தேதிக் கடிதத்தில் இரண்டாம் எண்ணின் கீழ், இந்த வருஷம் பூக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

பட்டாபிராமன்